முருகன் பிடிப்பாரா?

திருவண்ணாமலையில் உயரத்திலிருந்து விழுந்து புகழ்பெற்றவர் ஒரே ஒருவர்தான். அருணகிரிநாதர். வாழ்க்கை வெறுத்துப்போய் வல்லாள மகாராஜா கோபுரத்தின் மேலிருந்து குதித்தார், முருகன் ஏந்திக்கொண்டார், அப்புறம் பிறந்ததுதான் திருப்புகழ் என்பது நம் ஊர்க் கதை. கோபுரத்தடியில் கோபுரத்திளையனார் சந்நிதி இன்றைக்கும் இருக்கிறது. போனால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள்.

அந்தச் சந்நிதியைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு ஒரு லௌகீகமான சந்தேகம் வரும். அருணகிரியார் 15-ஆம் நூற்றாண்டு. அதற்குப் பிறகு இந்தச் சுற்றுவட்டாரத்தில் தென்னையிலிருந்து, பனையிலிருந்து, உலுக்கப் போன புளியமரத்திலிருந்து விழுந்தவர்கள் எத்தனை பேர்? அவர்களுக்கெல்லாம் ஏன் யாரும் கை நீட்டவில்லை?

சமீபத்தில் அமெரிக்க வேட்டைக்காரர்களைப் பற்றிப் படித்தபோது இந்தச் சந்தேகம் மறுபடி கிளம்பியது. அங்கே நவம்பர் வந்தால் மான் வேட்டை சீஸன். லைசென்ஸ் வாங்கிக்கொண்டு, பொழுது விடிவதற்கு முன்னால் காட்டுக்குள் போய், மரத்தில் 15, 20 அடி உயரத்தில் மாட்டிய ஒரு சின்னப் பரணில் உட்கார்ந்துவிடுகிறார்கள். நம்ம வள்ளியம்மை வள்ளிமலையில் தினைப்புனம் காக்க உட்கார்ந்தாளே, அதே பரண்தான். இரும்பில் செய்து கடையில் விற்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். வள்ளிக்காவது கிளி ஓட்டும் வேலை இருந்தது. இவர்களுக்கு அசையாமல் உட்கார்ந்திருப்பதே வேலை.

குளிரோ எலும்பைக் குடைகிற குளிர். அதனால் உள்ளே கம்பளி, மேலே கம்பளிக் கோட்டு, கம்பளிக் கால்சட்டை. கம்பளிக்கு இரண்டு நல்ல குணம். நனைந்தாலும் சூடு முழுக்கப் போய்விடாது. உரசினால் நைலான் மாதிரி சரசரக்காது. மானுக்குக் காது ரொம்பக் கூர்மை. ஆனால் கதகதப்பாக உட்கார்ந்தால் என்ன வரும்? நம்ம ஆபீஸில் மத்தியானம் இரண்டு மணிக்கு வருவதுதான் அங்கேயும் வரும். ஆபீஸில் தூங்கி வழிந்தால் மேஜை தாங்கிக்கொள்ளும். 20 அடி உயரத்தில் மேஜை கிடையாது.

வேட்டை என்றால் குண்டு படுவதுதான் ஆபத்து என்று நினைப்போம். அங்கே வேட்டைக்காரர்களுக்குப் பலத்த அடி படுவதற்கு முன்னணிக் காரணங்களில் ஒன்று பரணிலிருந்து விழுவது. அதிலும் பலர் விழுவது தூக்கத்தில்கூட அல்ல. ஏணியில் ஏறும்போதும் இறங்கும்போதும், ஏணியிலிருந்து பரணுக்குக் கால் மாற்றும்போதும்தான். ஆகவே ‘மேலே போய் பெல்ட்டை மாட்டிக்கொள்கிறேன்’ என்கிற பேச்சே உதவாது. தரையை விட்டுக் கால் எடுக்கும்போதே கயிறு மாட்டியிருக்க வேண்டும். திரும்பக் கால் தரையில் பட்ட பிறகுதான் கழற்ற வேண்டும்.

பெல்ட் என்றால் இடுப்பு பெல்ட் இல்லை. முன்பெல்லாம் அதுதான் இருந்தது. விழுந்தால் அது விலா வரை ஏறி மூச்சைப் பிடித்துவிடும். மரத்தடியில் சாக வேண்டியவன் மரத்திலேயே சாவான். இப்போது இருப்பது தோள், மார்பு, இரண்டு தொடை எல்லாவற்றையும் சுற்றிய முழு உடம்பு வார். இதை எந்தத் துணிக்கு மேல் போடுகிறோமோ அந்தத் துணியோடு இறுக்க வேண்டும். மெல்லிய சட்டைக்கு இறுக்கிவிட்டு அதன்மேல் கோட்டுப் போட்டால், முதுகுப்பக்கத்துக் கயிறு வெளியே வர வழியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கோட்டோடு இறுக்கிவிட்டுப் பிறகு கோட்டைக் கழற்றினால் வார் லொடலொடவென்று தொங்கும்; நடிகர் இளைத்த பிறகு பழைய படத்துச் சட்டையைப் போட்ட மாதிரி. விழும்போது ஆள் நழுவிவிடலாம். நழுவாமல் தொங்கினாலும், சும்மா தொங்கிக்கொண்டிருந்தால் காலில் ரத்தம் தேங்கி மயக்கம் வரும். அதற்காகவே கால் ஊன்றிக்கொள்ள ஒரு சின்னக் கயிற்று வளையம் தருகிறார்கள். இவ்வளவும் இருந்தும், ‘கம்பளிக்கு மேலே இதை எவன் மாட்டுவான்?’ என்று வீட்டில் வைத்துவிட்டுப் போகிறவர்கள் அங்கேயும் உண்டு.

நமக்கு 1972 வனவிலங்குச் சட்டம் வந்தபின் வேட்டை கிடையாது. மார்கழியில் கிரிவலத்துக்கு மங்கி குல்லா போடுவதோடு கம்பளி விவகாரம் முடிந்தது. ஆனால் மரம் ஏறுவது முடியவில்லை. பனையேறியிடம் தளைநார் இருக்கிறது. மார்பு தேயாமலிருக்கத் தோல் இருக்கிறது. பரம்பரை பரம்பரையாகத் தேறிய சாமான்கள். குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் தளைநார் காலை மரத்தோடு பிடிக்கிறது, ஆளைப் பிடிப்பதில்லை. தென்னையில் உச்சிக்குப் போய்க் காய்ந்த மட்டை ஒன்றைப் பிடித்தால் அது கையோடு வந்துவிடும். 40 அடியிலிருந்து தரைக்கு ஒன்றரை விநாடிதான். தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 55 கிலோமீட்டர். வேலூர் பஸ் நம்மை நேராக வந்து இடிக்கிற மாதிரி. ‘முருகா’ என்று மூன்றெழுத்துச் சொல்லி முடிப்பதே கஷ்டம்.

ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்லமாட்டேன். தென்னை வளர்ச்சி வாரியம் 2011-இல் ‘தென்னை மரங்களின் நண்பர்கள்’ என்று ஆரம்பித்து, கருவி வைத்து ஏறப் பயிற்சி கொடுத்தது. கேரளத்துச் செம்பேரி ஜோசப் மாடல் கருவியில், நின்றபடியே படி ஏறுகிற மாதிரி ஏறலாம். ஏறுபவர்களுக்கு இன்ஷூரன்ஸும் உண்டு. ஆனால் கருவி ஏற்றிவிடும். கை தவறினால் தாங்க வார் வேண்டும். தென்னைக்குக் கிளை இல்லாததால் மரத்தைச் சுற்றி ஒரு பட்டையைப் போட்டு, ஏற ஏற மேலே நகர்த்திக்கொண்டே போகலாம். ஐ.எஸ். 3521 முத்திரை போட்ட முழு உடம்பு வார், கட்டட வேலைக்குச் சாமான் விற்கும் கடைகளிலேயே கிடைக்கும்.

பின் ஏன் போடுவதில்லை? செங்கம் ரோட்டுப் பக்கம் தென்னை ஏறுகிறவர் ஒருவரிடம் கேட்டேன். அமெரிக்கனுக்குக் கம்பளி தடித்துப்போனது சாக்கு என்றால், இவருக்கு என்ன சாக்கு என்று தெரிந்துகொள்ளத்தான்.

“பெல்ட்டா? தொடையில மாட்டணும்ங்கிறீங்க. லுங்கிக்கு மேல எப்பிடி சார் மாட்றது? மடிச்சிக் கட்டுனா அவுந்துடும். பனை ஏற்றவங்க கோவணம் கட்னு போறாங்க, அவங்களுக்கு வேணா ஆவும்.”

“வேறென்ன?”

“வேர்வைல வார் அறுக்கும். அது கூட பரவால்ல சார். ஒரு நாளைக்கு முப்பது மரம் ஏறுறேன். பெல்ட்டு மாட்டி, கழட்டி, மாட்டி, கழட்டினா இருபதுதான் ஆவும். மரக் கணக்குலதான் கூலி. மீதி பத்து மரத்துக்குக் காசு யார் குடுப்பா?”

லுங்கியும் வேர்வையும் சும்மா. விஷயம் இந்தப் பத்து மரத்தில்தான் இருக்கிறது. மரத்துக்கு இத்தனை என்று கூலி பேசும்போது ஐந்து ரூபாய்க்கு அடித்துப் பேசுகிற தோப்புக்காரர், அந்த ஐந்து ரூபாயை எங்கிருந்து எடுக்கிறார் என்று யோசிப்பதில்லை. பெல்ட் மாட்டுகிற நேரத்திலிருந்துதான் எடுக்கிறார். பம்புசெட் ரூமில் இரண்டு வார் வாங்கி மாட்டிவைத்து, இருபது மரம் ஏறினாலும் நாள் கூலி குறையாது என்று சொல்லிப் பார்க்கலாம். உர மூட்டைக்கும் மோட்டார் காயிலுக்கும் ஆகிற செலவுக்கு முன்னால் இது ஒன்றும் பிரமாதமில்லை.

“சரி, கூலி குறையாதுன்னு வச்சிக்குங்க. தோட்டத்துக்காரரே பெல்ட்டும் வாங்கிக் குடுக்கிறார். போடுவீங்களா?”

அவர் அரிவாளை இடுப்பில் சொருகிக்கொண்டு அடுத்த மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

“குடுக்கச் சொல்லுங்க சார். அப்பிடியே ஒரு அரை டிராயரும் சேத்து.”