கிழமையும் மணியும் ஆங்கிலத்தில்



சில ஆண்டுகளுக்கு முன், சனிக்கிழமையன்று வந்த ஓர் அமாவாசைக்கு இராமேசுவரம் சென்று, அக்கினி தீர்த்தத்தில் நீராடி, தந்தையாருக்குத் தர்ப்பணம் செய்ய விழைந்தேன். வெளியூரிலுள்ள மகன் பேருந்துக்கு முன்பதிவு செய்து அனுப்பினான். சீட்டில் ‘ஃப்ரைடே, 12.20 ஏ.எம்.’ என்றிருந்தது. வெள்ளிக்கிழமை இரவென்று கருதி, அன்றிரவு பதினொன்றரை மணிக்கே மூட்டையுடன் நிலையத்தில் அமர்ந்தேன். பேருந்தோ முந்தைய இரவே சென்றிருந்தது. தர்ப்பணத்தை இல்லத்திலேயே செய்து மனத்தைத் தேற்றிக்கொண்டேன். அந்நிலை உங்களுக்கு வாராதிருக்கவே இவ்வாரப் பாடம்.

நமக்கு நாள் என்பது சூரிய உதயத்தில் தொடங்குவது. ஆங்கில நாளோ நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கே பிறந்துவிடுகிறது. நள்ளிரவு முதல் நண்பகல் வரை ‘ஏ.எம்.’, நண்பகல் முதல் நள்ளிரவு வரை ‘பி.எம்.’. நண்பகலுக்கு முன், நண்பகலுக்குப் பின் என்பதே இவ்விரு இலத்தீன் தொடர்களின் பொருள். ஆகவே, ‘ஃப்ரைடே 12.20 ஏ.எம்.’ என்றால் வியாழன் இரவு உணவு முடிந்ததும் புறப்பட வேண்டும்.

இனி, கிழமைகள். சண்டே ஞாயிறு, மண்டே திங்கள், டியூஸ்டே செவ்வாய், வென்ஸ்டே புதன், தர்ஸ்டே வியாழன், ஃப்ரைடே வெள்ளி, சாட்டர்டே சனி. ‘சன்’ என்பது சூரியன். ‘மூன்’ என்பது சந்திரன். ‘சாட்டர்ன்’ என்பது சனி. ஏனைய நான்கும் பழைய வடஐரோப்பியத் தெய்வங்களின் பெயரால் அமைந்தவை. எனினும் அவையும் செவ்வாய், புதன், குரு, சுக்கிரன் ஆகிய கிரகங்களுக்கு ஈடாக வைக்கப்பட்டவையே.

இவ்வரிசைக்குக் காரணம் ஹோரைக் கணக்கு. சூரியன், சுக்கிரன், புதன், சந்திரன், சனி, குரு, செவ்வாய் என ஹோரைகள் சுழலும். ஞாயிறு உதயத்தில் சூரிய ஹோரை. இருபத்து நான்கு ஹோரைகள் கழிந்து, மறுநாள் உதயத்தில் வருவது சந்திர ஹோரை. எனவே அந்நாள் திங்கள். ஆங்கிலத்தில் மணிநேரத்தைக் குறிக்கும் ‘அவர்’ என்ற சொல்லும், நம் ‘ஹோரை’யும் ஒரே கிரேக்க மூலத்தைச் சார்ந்தவை.

செவிக்கு மயக்கம் தருவன டியூஸ்டேயும் தர்ஸ்டேயும். மருத்துவர் வரச்சொன்னது செவ்வாயா வியாழனா என்று மறுமுறை கேட்டுக்கொள்வதில் இழுக்கில்லை.

மணி கூறும் முறையிலும் ஒரு வேறுபாடு உண்டு. ஏழேகால் ‘குவார்ட்டர் பாஸ்ட் செவன்’. ஏழரை ‘ஹாஃப் பாஸ்ட் செவன்’. ஆனால் ஏழே முக்கால் ‘குவார்ட்டர் டு எயிட்’ ஆகும். நாம் கடந்த ஏழிலிருந்து கூட்டுகிறோம். அவர்கள் வரப்போகும் எட்டிலிருந்து கால் மணியைக் குறைக்கிறார்கள். ‘எயிட்’ என்பது மட்டும் காதில் விழுந்து, எட்டேகாலுக்குச் சென்றால் அரைமணி நேரம் பிந்திவிடுவோம். ‘பாஸ்ட்’ என்றால் கடந்தது, ‘டு’ என்றால் வரவேண்டியது என நினைவிற்கொள்க.

பயிற்சிக்கு நாமறிந்த இராகு காலமே போதும். மண்டே, ஹாஃப் பாஸ்ட் செவன் முதல் நைன் வரை. சாட்டர்டே, நைன் முதல் ஹாஃப் பாஸ்ட் டென் வரை. ஏனைய ஐந்து நாள்களையும் நீங்களே சொல்லிப் பேரக்குழந்தைகளிடம் ஒப்பியுங்கள். அவர்கள் உங்கள் உச்சரிப்பைத் திருத்தட்டும். நீங்கள் அவர்களுக்கு ஹோரை வரிசையைக் கற்பியுங்கள்.

அடுத்த வாரம் மாதங்களைப் பார்ப்போம். இறையருள் பெருகுக.