போனைப் பிடுங்காதீர்கள்... நேரம் குறியுங்கள்!

திருவண்ணாமலை மாவட்டம், ஆரணிக்குப் பக்கத்தில் இருக்கிறது தேவிகாபுரம். பட்டு நெசவுக்குப் பேர்போன ஊர். பாவில் ஓர் இழை அறுந்ததைக் கவனிக்காமல் விட்டால், அது சேலையில் நீளமாகக் கோடு விழுந்துவிடும் என்பது இங்குள்ள நெசவாளிகளுக்குத் தெரியும். கவனம்தான் தொழிலின் முதல்.

இப்படிப்பட்ட ஊர்களிலிருந்து நர்ஸிங் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கும் அதே முதல்தான் தேவை. தறியில் கவனம் தப்பினால் சேலை கெடும். வார்டில் தப்பினால் நோயாளிக்கு ஆபத்து.

ஆஸ்திரேலியாவின் சிட்னியில், மருந்து கொடுக்கும் 98 நர்ஸ்களைக் கூடவே இருந்து கவனித்தார்கள். 2010-ல் வெளியான அந்த ஆய்வின்படி, இடையில் வரும் ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் தவறு நேரும் வாய்ப்பு சுமார் 12 சதவீதம் கூடியது. யாரோ கூப்பிடுவது, கேள்வி கேட்பது என எல்லாமே அதில் குறுக்கீடுதான். பாக்கெட்டில் அதிரும் போனும் அதே வேலையைத்தானே செய்யும்?

அதற்காகப் போனைக் குற்றவாளியாக்க வேண்டாம். ஹாஸ்டல் பிள்ளைக்கு அதுதான் பாடப்புத்தகம், அதுதான் அம்மாவின் குரல். 2022-ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில்கூட ‘கேமிங்’ பாதிப்புக்கு இடம் உண்டு. ‘போன் அடிமைத்தனம்’ என்று தனி நோய் இல்லை. ஆகவே, பிள்ளையை ‘அடிமை’ என்று திட்டுவதால் பயனில்லை.

ஆனால், அறிகுறிகளைக் கவனிக்கலாம். 2013-ல் தென்கொரிய ஆய்வாளர்கள் வெளியிட்ட 10 கேள்விகள் கொண்ட அளவுகோல், இந்த மாதிரி விஷயங்களைத்தான் கேட்கிறது:

* நினைத்ததைவிட அதிக நேரம் போனில் போகிறதா?
* திட்டமிட்ட வேலை தள்ளிப்போகிறதா?
* வகுப்பில் மனம் நிற்க மறுக்கிறதா?
* மணிக்கட்டோ, பின்கழுத்தோ வலிக்கிறதா?
* கையில் போன் இல்லாவிட்டால் எரிச்சல் வருகிறதா?

பலவற்றுக்கு ‘ஆமாம்’ என்றால், முதலில் தூக்கத்தைச் சரிசெய்யுங்கள். டியூட்டி முடிந்த களைப்பில் ‘ஒரே ஒரு ரீல்ஸ்’ என்று ஆரம்பிப்பது நள்ளிரவைத் தாண்டும். மறுநாள் காலை வார்டில் கண் சொக்கும். போனைத் தலையணைக்குப் பக்கத்தில் வைக்காமல், எழுந்து நடந்தால்தான் எட்டும் இடத்தில் சார்ஜ் போடுங்கள். அலாரத்துக்குத் தனியாக ஒரு கடிகாரம் போதும். அவசியமில்லாத நோட்டிஃபிகேஷன்களை அணைத்துவிடுங்கள். வார்டுக்குள் போகும்போது போன் பையிலேயே இருக்கட்டும்.

பெற்றோருக்கும் இதில் பங்கு உண்டு. ‘சாப்பிட்டியாம்மா?’ என்று நினைத்த நேரத்துக்கெல்லாம் கூப்பிட்டால், எடுக்காத பிள்ளைக்குக் குற்ற உணர்வு. எடுக்கும் பிள்ளைக்குக் கவனச்சிதறல். பிள்ளையின் டியூட்டி நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு, தினமும் ஒரு நேரத்தைப் பேசுவதற்கென்றே ஒதுக்குங்கள். அந்த நேரத்தில் மார்க்கைப் பற்றி மட்டும் விசாரிக்காமல், இன்று வார்டில் என்ன நடந்தது என்றும் கேளுங்கள். நோயாளியின் வலியையும் மரணத்தையும் முதன்முறை பார்த்துவிட்டு வரும் பிள்ளை, சொல்ல ஆளில்லாமல்கூடத் திரைக்குள் ஒளிந்துகொள்ளலாம்.

தூக்கமின்மையோ, மனச்சோர்வோ தொடர்ந்தால் தயங்க வேண்டாம். 14416 என்ற ‘டெலி மானஸ்’ எண்ணில் 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. பெங்களூரு நிமான்ஸ் மருத்துவமனையில், அளவுமீறிய போன், இணையப் பயன்பாட்டுக்கு என்றே ‘ஷட்’ கிளினிக் 2014 முதல் இயங்குகிறது.