பெருந்திரைக்குக் கூடுதற் காசு

பேசாலை மாணவர் ஒருவரிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. “ஐயா, விடுமுறையில் அப்பா எங்களைக் கொழும்புக்குக் கூட்டிச் செல்லவிருக்கிறார். ஒரு படமும் பார்க்கலாம் என்கிறார். பெருந்திரை மண்டபத்துக்கு டிக்கட் விலை கூட. நாங்கள் ஐந்து பேர். அப்பா கடற்றொழிலாளி. நான் கேட்டால் மறுக்கமாட்டார். அதனாற்றான் கேட்கத் தயங்குகிறேன். அந்தக் காசுக்கு அது தகுமா?”

தம்பியின் தயக்கம் எனக்குப் பிடித்தது. ஆகவே ஒளிவுமறைவின்றி விடை சொல்ல வேண்டும்.

மன்னாரிலிருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல். ஐவரின் பயணச் செலவும் சாப்பாட்டுச் செலவும் சேர்ந்தால் டிக்கட் விலை அதற்குள் ஒரு மூலையில் அடங்கிவிடும். படம் மட்டுமே நோக்கமாயின், 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்த பின்னர் நமக்கு யாழ்ப்பாணமே கிட்டம். அங்கும் நல்ல மண்டபங்கள் உண்டு.

இனித் திரையின் கதைக்கு வருவோம். திரை எத்தனை மீற்றர் என்பதைக் கண் அறியாது. தன் பார்வையில் எவ்வளவு இடத்தை அது அடைக்கிறது என்பதையே அறியும். 20 மீற்றர் அகலத் திரையை 20 மீற்றருக்கு அப்பாலிருந்து பார்ப்பதும், 10 மீற்றர் அகலத் திரையை 10 மீற்றரிலிருந்து பார்ப்பதும் கண்ணுக்கு ஒரே அளவுதான். பழைய தியேட்டர்களில் திரைக்கு அருகே கலரி. பின்னே மேலே பல்கனி. மிகக் குறைந்த காசு கொடுத்து வாங்கிலிருந்தவர் மிகப் பெரிய படத்தைப் பார்த்தார். கூடிய காசு கொடுத்த கனவான் சிறிய படத்தைப் பார்த்தார்! (கலரிக்காரருக்குக் கழுத்து நோவு இலவசம். நானும் அனுபவித்தவன்.)

அப்படியாயின் பெருந்திரை வெறும் வியாபாரந்தானா? அன்று. சாதாரணப் படத்தை அருகிலிருந்து பார்த்தால் அதன் தெளிவின்மை புலப்படும். இதற்கு மாற்றுக் கண்டவர்கள் கனடா தேசத்து ஐமாக்ஸ் நிறுவனத்தார். அவர்களுடைய முதற்படம் 1970இல் ஒசாக்கா உலகப் பொருட்காட்சியிற் காட்டப்பட்டது. 70 மில்லிமீற்றர்ச் சுருளைக் குறுக்காக ஓடவிட்டு, சாதாரண 35 மில்லிமீற்றர்ப் படத்தைப்போல் ஏறத்தாழ 9 மடங்கு பரப்பில் ஒவ்வொரு படத்தையும் பதித்தார்கள். எவ்வளவு பெரிதாக்கினாலும் தெளிவு கெடவில்லை. 2023இல் வெளியான ‘ஒப்பன்ஹைமர்’ படத்தின் இத்தகைய பிரதி ஒன்றின் நீளம் ஏறத்தாழ 18 கிலோமீற்றர். மன்னார்ப் பட்டினத்தில் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு விரித்தால் மறுநுனி தம்பியின் ஊர்ப்பக்கம் வந்துவிடும்!

ஆனால் அந்தச் சுருளை ஓட்டிய மண்டபங்கள் உலகெங்கும் ஏறத்தாழ 30 மட்டுமே. மற்றைய பெருந்திரைகளில் ஓடுவது டிஜிட்டல் படம். அங்கும் ஒளியும் ஒலியும் மேலானவை என்பது மெய். எனினும் பெருந்திரையில் வெளியாவது வேறு. பெருந்திரைக்கென்றே எடுக்கப்படுவது வேறு. ஐமாக்ஸில் வெளியான முதல் தமிழ்ப் படம் 2022இல் வந்த ‘பொன்னியின் செல்வன்’ முதற்பாகம். அதன் பின்னர் வேறு தமிழ்ப் படங்களும் அவ்வழி வந்துள்ளன. சினிமாஸ்கோப் அகலத்தில் எடுத்த படத்தை உயரமான திரையிற் போட்டால் மேலும் கீழும் கறுப்புப் பட்டைதான் தெரியும். அந்தப் பட்டைக்கும் சேர்த்தே நாம் காசு கொடுக்கிறோம்.

ஆதலால் தம்பி முதலில் படத்தின் பெயரை விசாரிக்கட்டும். கடலும் மலையும் வானும் நிறைந்து, பெரிய சட்டத்திலேயே எடுக்கப்பட்ட படமாயின், தயங்காமல் அப்பாவிடம் கேட்கலாம். அவ்வளவு தூரம் போய்விட்டு அதனைச் சிறிய திரையிற் பார்த்துத் திரும்புவதே நட்டம். வீட்டுக்கூடத்திலேயே நடந்து முடியும் குடும்பக் கதையாயின் சாதாரண மண்டபம் போதும். அங்கே பின்வரிசையைத் தேடாமல், நடுவிலிருந்து சற்று முன்தள்ளி ஐந்து கதிரைகள் கேளுங்கள். மிஞ்சும் காசில் அம்மாவுக்கும் தங்கைக்கும் காலிமுகத்திடலில் இறால் வடை வாங்கிக் கொடுக்கலாம். இறால் பிடிக்கும் ஊர்க்காரர் அதற்கு என்ன குறை சொல்வார்களோ, அதையும் எழுதுங்கள்.