வாயிலுக்கும் அடையாளம் வேண்டும்

இரவில் வீட்டிற்குத் தாழிடாமல் உறங்குவார் எவரும் இலர். ஆயின், நில ஆவணங்கள், மக்களின் கல்விச் சான்றுகள், வைப்பகக் கணக்குகள், உற்றார் எழுதிய மடல்கள் ஆகிய அனைத்தையும் அடக்கி வைத்திருக்கும் வீட்டுக் கணினியைத் தாழில்லாக் கொட்டில்போல் விட்டு வைத்திருப்பார் நம்முள் பலர். கேட்டால், ‘வீட்டில்தானே இருக்கின்றது, யார் வந்து திறக்கப் போகின்றார்?’ என்பர். இவ்வெண்ணமே கேட்டிற்கு முதல்.

கடவு என்பது வழி. சொல்லை அறிந்தவனுக்கே வழி திறக்கும் என்பதாலேயே கடவுச்சொல் என்கின்றோம். ‘நீ யார்?’ என்று கணினியின் வாயில் நம்மைக் கேட்கின்றது. நாமும் பணிந்து விடை தருகின்றோம். ஆனால், கேட்கும் அவ்வாயில் உண்மையான வாயில்தானா என்று நாம் என்றேனும் கேட்டதுண்டா? உள்ளே புகுந்துவிட்ட கள்ள நிரல் ஒன்று, புகுதிரையைப் போன்றே மற்றொரு திரையைத் தீட்டிக் காட்டலாம். நாம் தட்டும் சொல்லைக் களவாக எழுதி வைத்துக்கொண்டு, ‘தவறு, மீண்டும் தட்டுக’ என்று கூறி மறைந்துவிடலாம். இரண்டாம் முறை உண்மை வாயில் திறக்கும். களவு போனதை நாம் அறியவும் மாட்டோம்.

இதற்குரிய மாற்று புதியதன்று. கண்ட்ரோல், ஆல்ட்டு, டெலீட்டு என்னும் மூன்று விசைகளை ஒருங்கே அழுத்தும் முறையை, கணினியை மீளத் தொடங்குவதற்காக வகுத்தவர் ஐ.பி.எம். நிறுவனப் பொறிஞர் டேவிட்டு பிராட்லி. 1993இல் வெளிவந்த விண்டோசு என்.டி., அதே மூன்று விசைகளை வாயிற்காவலுக்குப் பயன்படுத்தியது. அவ்விசைகளின் குறிப்பு நேரே இயங்குதளத்தின் கருவிற்கே செல்லும்; இடையில் நிற்கும் எந்தப் பொதுநிரலும் அதனைப் பறித்துக்கொள்ள இயலாது. எனவே, அவற்றை அழுத்தியபின் தோன்றும் திரை உண்மைத் திரையே என்று தேறலாம்.

அலுவலகங்களில் இப்பழக்கம் வேரூன்றிற்று. வீட்டிற்கோ? விண்டோசு 95, 98 ஆகியவற்றில் கடவுச்சொற் பெட்டி தோன்றும்போது எசுகேப்பு விசையைத் தட்டினாலே உள்ளே போய்விடலாம்! 2001இல் வந்த எக்சு.பி. வீட்டுப் பதிப்போ, அழகிய படங்களுடன் கூடிய வரவேற்புத் திரையை விரித்துக் கடவுச்சொல்லே இல்லாமல் நுழையவும் விட்டது. காவல் அலுவலகத்திற்கு, ஒப்பனை வீட்டிற்கு என்றாயிற்று! முதலாளியின் கணக்கேட்டிற்கு உள்ள மதிப்புக் குடும்பத்தின் ஆவணத்திற்கு இல்லையா?

அக்காவல் இன்றும் ஒழிந்துவிடவில்லை, ஒளிந்திருக்கின்றது. விண்டோசு 11இல், முழு ஆட்சியுரிமை உடைய கணக்கில் புகுந்து, விண்டோசு விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்துக. தோன்றும் பெட்டியில் என், இ, டி, பி, எல், டபிள்யூ, ஐ, இசட் என்னும் எட்டு ஆங்கில எழுத்துகளை இடைவெளியின்றித் தட்டுக. திறக்கும் சாளரத்தில் ‘அட்வான்சுடு’ என்னும் பக்கத்தின் அடியில், மூவிசை அழுத்தத்தைக் கட்டாயமாக்கும் கட்டம் ஒன்றுண்டு. அதனைக் குறியிட்டால் போதும்.

மூன்று விசைகளை அழுத்துவது தொல்லை என்பாருளர். பில் கேட்சே 2013இல் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் இதனைப் பிழையென்றார். ஆனால், அவர் வேண்டியது ஒற்றை விசை. காவலே வேண்டா என்று அவர் கூறினாரல்லர். கைக்கு எளிமையில்லை என்பதற்காகக் கதவையே கழற்றுவார் உண்டோ?

வாயில் உண்மையாயினும், சொல் வலுவற்றதாயின் பயனில்லை. 1979இல் இராபர்ட்டு மோரிசும் கென் தாம்சனும் 3,289 கடவுச்சொற்களை ஆய்ந்தனர். அவற்றுள் 2,831, அஃதாவது நூற்றுக்கு 86, மிகக் குறுகியனவாகவோ அகரமுதலியிலும் பெயர்ப்பட்டியலிலும் எளிதில் கிடைப்பனவாகவோ இருந்தன. மகளின் பெயரையும் பிறந்த நாளையும் கடவுச்சொல்லாக வைப்பார் இன்றும் அவ்வழியே செல்கின்றனர். ஒன்றோடொன்று தொடர்பற்ற நான்கைந்து சொற்களைக் கோத்து நீளமாக வைத்தலே நன்று.

வீட்டிலுள்ள ஒவ்வொருவர்க்கும் தனிக்கணக்கு வேண்டும். அன்றாடப் பணிக்கு முழு ஆட்சியுரிமை வேண்டா. எழுந்து செல்லும்போது விண்டோசு விசையுடன் எல் விசையை அழுத்திப் பூட்டுக. வன்வட்டைக் கழற்றிக்கொண்டு போவானை எந்தப் புகுதிரையும் தடுக்காது. அதற்கு வட்டு முழுமையும் மறைகுறியாக்கம் செய்யப்பட்டிருத்தல் வேண்டும்.

அன்பர்களே! காவலை விற்பவன் நமக்கு எவ்வளவு காவல் போதும் என்று முடிவு செய்யும் நிலையை இனியும் பொறுத்தல் தகாது. நம் வீட்டு வாயிலை நாமே ஆராய்வோம். ‘நீ யார்?’ என்று அது கேட்குமுன், அதனை நாம் கேட்போம்.