பழி வானத்தின் மேல்

திண்டுக்கல் வறண்ட பூமி, இங்கே மழையே கிடையாது, அதனால்தான் இந்தத் தண்ணீர்க் கஷ்டம். அகரம், தாடிக்கொம்பு பக்கம் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். சிங்கப்பூர், மலேசியா மாதிரி காடும் மழையுமாக இருந்தால் நமக்கு ஏன் இந்தப் பாடு என்ற பெருமூச்சும் கூடவே வரும். இரண்டுமே தவறு. தவறு என்பதோடு நிற்கவில்லை, இந்த நம்பிக்கையால் ஊருக்குக் கேடும் விளைகிறது.

சிங்கப்பூரையே எடுத்துக்கொள்வோம். மழைக்காட்டுப் பூமி, ஆண்டுக்கு 2,100 மி.மீ.க்கு மேல் மழை. ஆனாலும் 1962இல் போட்ட ஒப்பந்தப்படி இன்றுவரை மலேசியாவின் ஜொகூரிலிருந்து தண்ணீர் வாங்குகிறது. 1963இல் அங்கே குடிநீருக்கு ரேஷனே வந்தது. இன்று அந்த ஊர் நிமிர்ந்து நிற்பதற்கு மழை கூடியது காரணமில்லை. நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கில் விழும் மழையை 17 நீர்த்தேக்கங்களுக்குத் திருப்பிவிட்டார்கள், சாக்கடை நீரையும் சுத்திகரித்துத் திரும்ப எடுத்தார்கள். அமேசான் காட்டு நடுவே இருக்கும் மனாஸ் நகரில் 2,300 மி.மீ. அளவுக்குப் பெய்யும். அங்கே 2023இல் ரியோ நீக்ரோ ஆறு அதுவரை காணாத அளவுக்கு இறங்கி, மறு ஆண்டு அதற்கும் கீழே போனது. கரையோர கிராமங்களுக்குக் குடிதண்ணீரைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது. உலகிலேயே அதிக மழைக்குப் பேர்போன சிரபுஞ்சியிலும் பனிக்காலத்தில் பெண்கள் தண்ணீருக்கு நடக்கிறார்கள்.

இனி நம் கணக்கு. திண்டுக்கல் மாவட்டத்தின் ஆண்டு சராசரி மழை 830 மி.மீ. அளவில். கொடைக்கானல் மலை அந்தச் சராசரியைத் தூக்கிக் காட்டுகிறது என்பார்கள், நியாயம்தான். சமவெளிக்கு 700 என்றே வைத்துக்கொள்வோம். லண்டனில் பெய்வது சுமார் 600 மி.மீ.தான்! ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை என்றால் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி மொட்டைமாடி ஏறக்குறைய 93 சதுர மீட்டர். ஆக, ஆண்டுக்கு 65,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் ஐந்து லோடுக்கு மேல், ஒவ்வொரு மாடியிலும் இறங்குகிறது. 2003இலேயே தமிழகத்தில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். பல வீடுகளில் அந்தக் குழாய் இன்று தெருச் சாக்கடையில்தான் முடிகிறது.

மழையே கிடையாது என்பவர்கள் 1977 நவம்பரை மறந்துவிட்டார்கள். புயல் மழையில் வேடசந்தூர் பக்கம் குடகனாறு அணையின் மேலேயே வெள்ளம் ஏறி வழிந்து, மண்கரை உடைந்தது. நம் மழையின் குணமே அதுதான். ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். அதைத் தெரிந்துதான் முன்னோர் குளத்துக்குக் குளம் மறுகால் வைத்து, ஒன்று நிரம்பினால் அடுத்ததற்குப் போகும்படி சங்கிலியாக வெட்டினார்கள். இன்று வரத்து வாய்க்காலில் சீமைக்கருவேலம் நிற்கிறது, இல்லையென்றால் பிளாட் கல் நிற்கிறது. மேலே ஆத்தூர்ப் பகுதியில் வாய்க்காலுக்கு எவ்வளவு தண்ணீர், குடகனாற்றுக்கு எவ்வளவு என்ற தகராறும் ஓய்ந்தபாடில்லை.

தங்கிய நீரையாவது காப்பாற்றினோமா? திண்டுக்கல்லைச் சுற்றியிருந்த தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவு உப்பும் குரோமியமுமாக நிலத்தில் இறங்கியது. நல்ல தண்ணீர்க் கிணறுகள் வாயில் வைக்க முடியாதபடி ஆயின. 1996 ஆகஸ்டில் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் திண்டுக்கல் உட்பட பல மாவட்டத் தோல் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் போட்டது. ஒரு கிணற்றைத் தூர்வாரக்கூட அந்தப் பணம் காணாது. அங்கே மழை பொய்க்கவில்லை, கிணற்றையே மனிதர் கெடுத்தார்கள்.

வானத்தைக் குறை சொல்லும்வரை யாரும் யாரிடமும் கேள்வி கேட்க வேண்டியதில்லை. அதனால்தான் இந்தப் பேச்சு ஆக்கிரமித்தவர்களுக்கு அவ்வளவு வசதியாக இருக்கிறது. அகரம் பேரூராட்சியிலும் சுற்று ஊராட்சிகளிலும் உள்ள ஒவ்வொரு குளத்தின் எல்லையையும் வரத்து வாய்க்காலையும் வருவாய்த்துறை வரைபடத்தோடு ஒத்துப்பார்த்து, ஐப்பசிக்கு முன்னால் அளந்து கல் நட வேண்டும். அந்த வரைபடம் தாலுகா அலுவலகத்தில் இருக்கிறது, கேட்டு வாங்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு.