பிள்ளைகள் கேட்கப் பழக வேண்டிய கேள்வி

2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்குச் சென்ற மூதாட்டி ஒருவர் பிள்ளை பிடிப்பவர் என்ற சந்தேகத்தில் அடித்துக் கொல்லப்பட்டார். காரணம், வாட்ஸப்பில் பரவிய வதந்தி. அவ்வாண்டு நாட்டின் பல பகுதிகளில் சுற்றிய படங்களில் ஒன்று, கராச்சியில் எடுக்கப்பட்ட குழந்தைப் பாதுகாப்பு விளம்பரம். குழந்தையைத் திருப்பி விடும் கடைசிக் காட்சியை வெட்டிவிட்டு, உண்மைக் கடத்தல் என்று பரப்பிவிட்டனர்.

அதே ஆண்டு கேரளத்தில் கண்ணூர் மாவட்ட நிர்வாகம் சுமார் 150 அரசுப் பள்ளிகளில் பொய்ச் செய்தியை இனங்காணும் வகுப்புகளை நடத்தியது. தடுப்பூசி பற்றிய வதந்தியால் பெற்றோர் பலர் தயங்கியதே அதற்குத் தூண்டுகோல்.

சித்தூர், திருப்பதிப் பள்ளிகளுக்கும் இது பொருந்தும். திருமலை தரிசனச் சீட்டின் பெயரால் ஏமாற்றும் போலி இணையதளங்கள் பற்றித் தேவஸ்தானமே எச்சரித்துள்ளது. அசலையும் போலியையும் அருகருகே வைத்து ஒப்பிடுவதையே மாணவருக்குச் செயல்முறைப் பயிற்சியாகத் தரலாம்.

ஏமாற்று விளம்பரங்களுக்கு எதிராக 2022இல் மத்திய அரசின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விதிமுறைகளை வகுத்தது. எனினும், பணம் போன பிறகுதான் பலரும் சட்டத்தை நாடுகின்றனர். தெலுங்கு படிக்கத் தெரியாத தமிழ்த் தொழிலாளியின் வீட்டில் அறிவிப்புகளைப் படித்துச் சொல்வது பள்ளி செல்லும் பிள்ளையே. 'இதைச் சொல்வது யார், இதனால் யாருக்கு லாபம்?' என்று அப்பிள்ளை கேட்கப் பழகினால், குடும்பத்தின் சேமிப்பும் தப்பும். வழிப்போக்கர் உயிரும் தப்பும்.