அம்பாப் பாட்டுக்கு ஒரு மேடை

தமிழனுடைய பாட்டு எது என்று வினவினால், படித்தவன் இசையவையைக் காட்டுகின்றான். படியாதவன் திரைப்படத்தைக் காட்டுகின்றான். வலையிழுத்தவனும் வள்ளந் தள்ளியவனும் பாடிய பாட்டு முத்துக்குளித்துறைக் கரையில் மூச்சடங்கிக் கொண்டிருப்பதை எவரும் காட்டுவதில்லை. அதைச் சொல்ல நான் ஓர் ஆங்கில இசைக்குழுவைத் துணைக்கழைக்கின்றேன். இவ்விதழில் ஆங்கிலக் கூத்தா என்று அன்பர்கள் முகஞ் சுளிக்க வேண்டா. ஆங்கிலன் தன் ஊர்ப்பாட்டின்மேல் வைத்த பற்றை மட்டுமே எடுத்துக்காட்ட விழைகின்றேன்.

1967-இல் இலண்டனில் தோன்றிய ‘பேர்போர்ட்டு கன்வென்சன்’ குழுவினர் தொடக்கத்தில் அமெரிக்கப் பாடல்களின் பின்னே சென்ற இளைஞர்களே. 1969 மே திங்களில், நிகழ்ச்சி முடித்துத் திரும்பும் வழியில் அவர்தம் ஊர்தி கவிழ்ந்தது. முழவிசைத்த பத்தொன்பது அகவை இளைஞரும் உடன்வந்த பெண்ணொருவரும் மாண்டனர். எஞ்சியோர் மனமொடிந்து கலைந்திருக்கலாம், கலையவில்லை. அவருள் ஒருவர் இலண்டனிலுள்ள நாட்டுப்பாடல் நூலகத்திற்குச் சென்று பழஞ்சுவடிகளைப் புரட்டினார். அவ்வாண்டு திசம்பரில் வெளிவந்த இசைத்தட்டில், பல நூற்றாண்டுப் பழமையுடைய கதைப்பாடல்கள் மின்கித்தாரோடும் பிடிலோடும் முழவோடும் முழங்கின. 1979-இல் ஆக்சுபோர்டு மாவட்டத்துக் குரோப்பிரெடி என்னும் சிற்றூரில் விடைபெறு நிகழ்ச்சி நடத்திப் பிரிந்தவர்கள், பிரிந்த பின்னும் அவ்வூரிலேயே மீண்டும் மீண்டும் கூடினர். அதுவே ஆகத்துத் திங்களில் வயல்வெளியில் பல்லாயிரவர் திரளும் விழாவாயிற்று.

அந்த நூலகம் இருந்த மனை யார் பெயரால் நின்றது? செசில் சார்ப்பு என்னும் இசையாசிரியர் பெயரால். 1903-இல் ஒரு தோட்டக்காரர் பாடக் கேட்டு எழுதத் தொடங்கிய அவர், 1916 முதல் அமெரிக்க மலைநாட்டிற்கும் சென்று, குடியேறிய தம் மக்கள் மறவாது வைத்திருந்த பாடல்களைத் தொகுத்தார். ஒருவர் தொகுத்தார், அறுபதாண்டு கழித்து வேறொருவர் பாடினார். தொகுப்பு இல்லையேல் பாட்டும் இல்லை.

நம்மிடம் தொகுப்பே இல்லையென்று சொல்லேன். 1871-இல் கோவர் என்னும் ஆங்கிலர் தென்னாட்டுப் பாடல்களை நூலாக்கினார். பெர்சி மாக்குவீன் என்னும் ஆங்கில அலுவலர் திரட்டியவை கி.வா. சகந்நாதனாரால் 1958-இல் ‘மலையருவி’யாக வந்தன. நெல்லை மண்ணின் நா. வானமாமலையார் செய்த தொண்டு பெரிது. ஆயினும் ஏட்டில் சொல் நிற்கும், பண் நில்லாது. அம்பாப் பாட்டிலோ பண்ணே உயிர். ஒருவன் முன்னெடுப்பான், ஏனையோர் ஏலேலோ என ஏற்பர். அவ்வேற்பில் எந்த அசை நீள்கின்றதோ அந்த அசையில் அத்தனை தோளும் ஒருங்கே வலிக்கும். வலையின் கனமே அப்பாட்டின் தாளம். துடுப்பிருந்த இடத்தில் பொறி வந்தது. தாளத்திற்கு வேலையற்றுப் போயிற்று. முத்துக்குளிப்பும் 1961-ஆம் ஆண்டோடு நின்றது. கரைவலை இழுக்கும் சில ஊர்களிலும் முதியோர் வாயில் மட்டுமே மிச்சம் கேட்கின்றது.

பரதவர் பிள்ளைகள் மிகுதியாகப் பயிலும் வகுப்பொன்றில், கடற்பாட்டு ஒன்று பாடுக என்று ஒருமுறை கேட்டேன். ‘படகோட்டி’ திரைப்படப் பாட்டைப் பாடினார்கள், நன்றாகவே பாடினார்கள். 1964-இல் வந்த படம் அது. “உன் தாத்தா என்ன பாடுவார்?” என்றதற்கு ஒரு மாணாக்கன், “அது சும்மா சத்தம் ஐயா” என்றான். தன் பாட்டன் பாட்டை அவன் சத்தம் என்று சொல்லக் கற்பித்தவர் யார்? பாடநூலில் அதற்கு இடந்தராத நாமல்லேமோ?

ஊர்ப்பாட்டுடன் மின்கருவி சேர்ந்தால் தூய்மை கெடும் என்பார் உளர். 1966-இல் மாஞ்செசுட்டர் நகரில் மின்கித்தாரோடு பாடிய பாப் தைலனை நோக்கி ‘யூதாசு’ என்று அவையிலிருந்து ஒருவர் கூவினார். அந்நோய் அங்கும் இருந்தது. நம் இளங்கோவடிகளுக்கு அந்நோய் இல்லை. நெய்தல் நிலத்து வரிப்பாடல்களை யாழோடு சேர்த்துக் கானல்வரியாக்கிக் காப்பியத்தின் நடுவே வைத்தவர் அவர். நம் மாவட்டத்துக் கழுகுமலை முருகன்மேல், காவடியெடுப்போர் வழிநடைச் சிந்தைப் புலமைப் பாட்டாக்கியவர் அண்ணாமலை இரெட்டியார். பழையது புதுக்கருவி ஏறுவது நமக்குப் பழைய வழக்கமே.

கித்தாரை நான் வெறுக்கவில்லை. சொல்லைக் கெடுப்பதைத்தான் வெறுக்கின்றேன். கச்சானும் கொண்டலும் பாரும் மடையும் இருந்த இடத்தில் ஆங்கிலக் கூச்சலைச் செருகிவிட்டு, இதுவே நெய்தற்பாட்டு என்று விற்பவனை மேடையேற்றலாகாது. சென்னையில் 2018-இல் ‘தி கேசுட்லெசு கலெக்டிவ்’ என்னும் குழுவினர், இழிவென ஒதுக்கப்பட்ட கானாப் பாட்டையும் பறையையும் மின்கருவிகளோடு மேடையேற்றித் தலைநிமிரச் செய்தனர். பாராட்டத்தக்க செயல். சாதியற்ற தமிழரைப் பாட வந்தவர்க்குத் தமிழில் ஒரு பெயர் கிடைக்காமற் போயிற்றே என்னும் வருத்தம் எனக்குண்டு. ஆயினும் பெயர் குறித்துப் பூசலிட்டுப் பணியை மறைக்கமாட்டேன்.

தூத்துக்குடியில் அத்தகைய குழு ஏன் எழவில்லை? கருவி வாசிக்கும் இளைஞர்க்குப் பஞ்சமில்லை. கோயில்தோறும் பாடகர் குழு உண்டு. ஆகத்து 5-ஆம் நாள் பனிமய மாதா பெருவிழாவிற்குக் கரையூர் மக்களெல்லாம் கூடுகின்றனர். அவ்விழா நாள்களில் ஓர் இரவை அம்பாப் பாட்டுக்கென ஒதுக்கினால் என்ன குறையும்? முன்வரிசையில் முதியோர் அமர்ந்து முன்னெடுக்கட்டும். பின்னே இளைஞர் கருவியோடு ஏற்கட்டும். அதற்கு முன்னே செய்ய வேண்டிய வேலை ஒன்றுளது. ஒலிப்பதிவுக் கருவி இன்று ஒவ்வோர் இளைஞன் சட்டைப்பையிலும் கிடக்கின்றது. புன்னைக்காயல், மணப்பாடு, வேம்பாறு என ஊர்ஊராகச் சென்று பதிவு செய்க. பாடினவர் பெயரையும் ஊரையும், எந்த வலையை இழுக்கையில் பாடியது என்பதையும் உடனெழுதி வைக்க. எழுபது அகவை கடந்தோரிடம் முதலில் செல்க.